இயற்கைப் பண்ணையின் வரவு செலவு

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களிற் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கும். பெரும்பாலும் அது மூன்று நான்கு ஏக்கருக்கு மேற்படாததாகவும், உடன்பிறந்தோர் ஒருவரால் பயிரிடப்படுவதாகவும் இருத்தல் வழக்கம். கரோல் பாக்கிலோ மாதுங்காவிலோ இருவர் சந்தித்து, நலம் விசாரித்து, பின்னர் நிலத்தைப் பற்றிப் பேச்செழுமாயின், "ஏதாவது கட்டுகிறதா?" என்பதே முதற் கேள்வி. "எங்கே கட்டுகிறது! நாம் அனுப்பும் பணத்தில் ஓடுகிறது" என்பதே வரும் விடை. நாமும் டில்லியில் இருந்துகொண்டு பல ஆண்டுகள் இவ்விடையையே கூறி வந்தோம். எந்தக் கணக்கை வைத்துக் கூறுகிறீர் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருப்பின் விடையளிக்க நம்மிடம் ஒரு வரி எழுத்தும் இருந்திராது.

திருத்துறைப்பூண்டி வட்டத்தில் நமக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. பாதி நம் பங்கு, பாதி தம்பியின் பங்கு, பயிரிடுபவன் தம்பி. அதே வட்டத்து ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவை நேயர்களிற் சிலர் அறிந்திருக்கக் கூடும். அங்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் பெற்றுச் செல்பவர் மறு ஆண்டு அதனை 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பி அவ்வாறு பெற்றுவந்த தூயமல்லியைக் கொண்டுதான் 2016ஆம் ஆண்டில் இரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் நிறுத்தி, இயற்கை முறைக்கு மாறினான். விதை கொடுத்த இடத்தில் கூடக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு கணக்கு இருந்தது. நம் வீட்டில்தான் இல்லை.

2022ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நாம் ஊர் சென்றிருந்தபோது, சாலையோரத்து ஒரு ஏக்கரை மனைகளாகப் பிரிக்கும் எண்ணத்தோடு ஒருவர் விலை பேச வந்தார். கொடுத்துவிடலாம் என்றோம் நாம். நஷ்டத்தில் நடக்கும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன பயன். பால் விற்ற பணம் புண்ணாக்குக்கே போதாத பசுவையும் உடன் விற்றுவிடலாம் என்றும் கூறினோம். தம்பி சற்று நேரம் பேசாதிருந்து, "நஷ்டம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், அண்ணா?" என்று கேட்டான். உள்ளே சென்று ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வந்தான்.

அந்தப் புத்தகம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. எந்த வயலில் எந்த நாள் தக்கைப்பூண்டு விதைக்கப்பட்டது, எப்போது மடக்கி உழப்பட்டது, எத்தனை வண்டி எரு எங்கிருந்து வந்தது, ஜீவாமிர்தம் எந்தெந்த நாளில் விடப்பட்டது என்பன யாவும் ஆறு ஆண்டுகளுக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்கு இது இன்றியமையாதது. நம் நாட்டில் இச்சான்றுக்கு இரு வழிகள் உள. ஒன்று, 'அபேடா' என்னும் ஏற்றுமதி ஆணையத்தின் கீழ் நடைபெறும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். மற்றொன்று, அருகருகே உள்ள உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறை. இரண்டிலும் ஆய்வு செய்வோர் முதலிற் கேட்பது குறிப்பேட்டைத்தான். ஆயினும், இந்த ஏடு கூறுவது நிலத்தில் என்ன இடப்பட்டது, என்ன இடப்படவில்லை என்பதை மட்டுமே. ஆறு ஆண்டுப் பக்கங்களிலும் ஒரு ரூபாய்க் குறி கூட இல்லை. யார் எத்தனை நாள் உழைத்தார் என்பதும் இல்லை. தூய்மைக்குச் சாட்சி இருந்தது. இலாப நஷ்டத்துக்கு இல்லை. ஆகவே அண்ணனும் தம்பியும் அன்று கூறிய இரண்டும் ஒன்றுபோல ஊகமே.

நிற்க. வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆதலின் சிறு கடை வைத்திருப்பவர் வரிக்காக எழுதும் கணக்கைக் கூட உழவர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலவுடைமைகளில் நூற்றுக்கு 86 இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்தவை. இத்துணைப் பெருந்தொழில் பெரும்பகுதி நினைவிலேயே நடைபெறுகின்றது எனலாம்.

இரசாயன முறையில் பயிரிடுவோர்க்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. யூரியாவும் மருந்தும் கடையிலிருந்து வருகின்றன. கடைக்காரரின் பற்றுச்சீட்டே பாதிக் கணக்காகிவிடுகிறது. இயற்கைப் பண்ணையிலோ இடுபொருள்களிற் பெரும்பாலானவை வீட்டிலேயே பிறப்பவை. ஓர் ஏக்கருக்கு வேண்டிய ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பருப்பு மாவு, ஒரு கைப்பிடி மண் ஆகியவை தேவை. இவற்றுள் வெல்லமும் மாவும் மட்டுமே காசு கொடுத்து வாங்குபவை. சாணத்துக்குச் சீட்டு இல்லை. காலையும் மாலையும் கலக்கிவிடும் கைக்கும் சீட்டு இல்லை. விற்பனைப் பக்கத்திலும் இதே நிலைதான். விளைந்ததில் ஒரு பகுதி சந்தைக்குச் செல்லாமல் குதிருக்கும், விதைக்கும், மாட்டுக்கும், டில்லிக்கும் சென்றுவிடுகிறது. காசாக மாறாத வரவும் காசாக மாறாத செலவும் இயற்கைப் பண்ணையில் மிகுதி. அவற்றை விட்டுவிட்டுக் கூட்டினால் வருவது இலாபமும் அன்று, நஷ்டமும் அன்று.

மனை வாங்க வந்தவருக்கு ஓராண்டு தவணை கூறி அனுப்பினோம். 2022 ஆடி முதல் 2023 ஆனி வரை முறையாக எழுதிப் பார்ப்பது என முடிவாயிற்று. ஓர் ஏக்கர் தூயமல்லிக்கு வந்த கணக்கை, எண்களைச் சற்று முழுமையாக்கி, இங்கே தருகிறோம். உழவுக்கு 6,000 ரூபாய். நடவுக் கூலி 5,500. இரு முறை களையெடுப்பு 7,000. வெல்லம், மாவு, புண்ணாக்கு வகைக்கு 3,500. அறுவடை இயந்திரத்துக்கு 4,000. சாக்கும் வண்டி வாடகையும் 2,000. ஆக ரொக்கச் செலவு 28,000 ரூபாய். விளைந்தது 60 கிலோ மூட்டையாக 18 மூட்டை. அதில் விற்றது 12. மூட்டை 1,900 ரூபாய் வீதம் வந்த தொகை 22,800. கையிலிருந்து சென்றது அதிகம், வந்தது குறைவு. 5,200 ரூபாய் துண்டு விழுகிறது. நாம் பல்லாண்டுகளாக "நஷ்டம்" என்று சொல்லிவந்தது இதனைத்தான்.

இனி, விற்காத ஆறு மூட்டையைப் பார்ப்போம். அது காற்றில் கரைந்துவிடவில்லை. வீட்டில் உண்ணப்பட்டது, விதைக்கு வைக்கப்பட்டது, ஒரு பகுதி அரிசியாகி டில்லியில் நம் இல்லத்துக்கும் வந்தது. அதே விலையில் அதன் மதிப்பு 11,400 ரூபாய். வைக்கோல் நம் பசுவுக்கே ஆயிற்று. வெளியில் வாங்கியிருப்பின் 3,000 ஆகியிருக்கும். இவற்றைச் சேர்த்தால் வரவு 37,200. ரொக்கச் செலவு போக 9,200 மிச்சம். நஷ்டம் இலாபமாகிவிட்டது.

ஆயின் வீட்டு வரவை எழுதியவர் வீட்டுச் செலவையும் எழுதுதல் நேர்மை. நான்கு டன் தொழு உரம், ஊர் விலையில் 4,000. சொந்த விதை அரை மூட்டை, 950. மோட்டார், தெளிப்பான் முதலியவற்றின் தேய்மானத்தில் இவ்வேக்கரின் பங்கு 1,250. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 3,000 ரூபாய்.

இன்னும் ஒரு வரி எஞ்சியிருந்தது. அந்த ஏக்கரில் தம்பி உழைத்தது 30 நாள். அவன் மனைவி உழைத்தது 20 நாள். ஊர்க் கூலி ஆணுக்கு 600, பெண்ணுக்கு 350 என்று இட்டால் 25,000 ரூபாய் ஆகிறது. மூவாயிரத்திலிருந்து இருபத்தையாயிரத்தைக் கழித்தால் 22,000 ரூபாய் நஷ்டம். வேறு விதமாகக் கூறினால், ஐம்பது நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் கிடைத்திருக்கிறது. இவ்வெண்ணைத் தொலைபேசியில் கேட்டபோது இருபுறமும் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் தம்பி மனைவி பேசினார். "ஒரே வரப்பில் ஒரே களையைத்தான் எடுத்தோம், மாமா. எனக்கு மட்டும் ஏன் முந்நூற்றைம்பது?" என்று அவர் கேட்டதற்கு, ஊர்வழக்கு என்பதைத் தவிர நம்மிடம் மறுமொழி இல்லை. அடுத்த ஆண்டு ஏட்டில் அவர் இருவருக்கும் ஒரே தொகையை எழுதினார். நஷ்டம் இன்னும் சற்றுக் கூடிற்று. ஏடு சற்று நேர்மையாயிற்று.

குடும்ப உழைப்புக்கு விலையிடும் இச்செய்தி நமக்கு முற்றிலும் புதியதன்று. அலுவலகத்தில் வேளாண் செலவு பற்றிய அறிக்கையொன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, கொடுக்கப்படாத கூலியைக் கொடுக்கப்பட்டதாகக் கருதி இடும் மதிப்புக்குக் 'கற்பித மதிப்பு' என்பதா, 'சார்த்திய மதிப்பு' என்பதா என ஒரு பிற்பகல் முழுதும் தடுமாறியதுண்டு. சொல்லை எண்ணிய நாம் அது யாருடைய உழைப்பு என்பதை எண்ணவில்லை.

இக்கேள்வி நம் நாட்டில் பழையது. 1954-55 முதல் பல மாநிலங்களில் பண்ணை நிர்வாக ஆய்வுகள் நடத்தப்பட்டன. அன்றைய சென்னை மாநிலத்தில் கோயமுத்தூர், சேலம் மாவட்டங்கள் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டன. அவ்வாய்வுகளில் வந்த எண்களை வைத்து 1962ஆம் ஆண்டில் அமர்த்தியா சென் ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்தார் உழைப்புக்குச் சந்தைக் கூலியை இட்டுப் பார்த்தால் இந்திய வேளாண்மையின் பெரும்பகுதி நஷ்டத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது. எனினும் உழவர் அதைத் தொடர்ந்து செய்கின்றனர். ஏன்? அவ்வுழைப்பை அந்நேரத்தில் அக்கூலிக்கு வாங்குவார் வேறு எவரும் இல்லாதபோது, சந்தைக் கூலியை அதன்மேல் ஏற்றுவது முழுவதும் பொருந்தாது என்பது அவர் கருத்தின் சாரம். 1965இல் தோன்றிய விலை ஆணையம், இன்று வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் எனப் பெயர் பெற்றது, செலவைப் பல படிகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கையிலிருந்து சென்றதும், சொந்த எரு, விதை முதலியவற்றின் மதிப்பும், குத்தகைக்கு எடுத்த நிலத்தின் வாடகையும் 'ஏ-2'. அதனோடு குடும்ப உழைப்பைச் சேர்ப்பது அடுத்த படி. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தால் 'சி-2'. ஆதார விலை செலவைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் என 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது, எந்தச் செலவைப் போல் என்ற வாதம் எழுந்ததும் இதனாலேயே. அரசு இரண்டாம் படியைக் கொண்டது. உழவர் சங்கங்கள் 'சி-2' வேண்டும் என்றன.

இப்படிகளில் எது உண்மை என்று கேட்டல் வீண். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. அடுத்த பருவத்துக்குக் கடன் வாங்க வேண்டுமா என்பதற்கு ரொக்கக் கணக்குப் போதும். இத்தொழிலில் ஒரு குடும்பம் நிலைக்க முடியுமா என்பதற்கு ஒரு நாள் உழைப்புக்குக் கிடைத்ததைப் பார்த்தல் வேண்டும். நிலத்தை விற்கலாமா என்பதற்கு நில வாடகையையும் சேர்த்தாக வேண்டும். நாம் முதற் கேள்விக்கு உரிய எண்ணைக் கொண்டு மூன்றாம் கேள்விக்கு விடையிறுக்க முற்பட்டோம்.

நாள்வீதக் கணக்கு வேறொன்றையும் காட்டிற்று. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர் ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுதல் டெல்டாவில் தொன்றுதொட்ட வழக்கம். உழவில்லை, நடவில்லை. அதே ஏக்கரில் அவ்வாண்டு 180 கிலோ உளுந்து கிடைத்தது. கிலோ 75 ரூபாய் வீதம் 13,500. பறிப்புக்கும் தட்டுவதற்கும் 4,000. சொந்த விதை 10 கிலோவுக்கு 750. மீதம் 8,750, வீட்டார் உழைத்ததோ 10 நாள். நாளொன்றுக்கு 875 ரூபாய்! வீட்டில் ஒருவரும் பொருட்டாக மதியாத பயிர் இது. 'கூடக் கிடைப்பது' என்றே அதற்குப் பெயர். அறுவடை இயந்திரம் ஏறிய தடங்களில் அது நசுங்கிப் போவதைக் கூட எவரும் கணக்கில் வைத்ததில்லை. கையறுவடைக்குக் கூலி அதிகம் என்று நெற்பக்கத்தில் மட்டும் பார்த்தால் இயந்திரமே இலாபம். உளுந்துப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அத்துணை உறுதியாகச் சொல்லவியலாது.

பசுவின் கணக்கு இன்னும் சிக்கலானது. பால் விற்றது 48,000; தீவனம், மருத்துவம் 52,000. மேலோட்டத்தில் 4,000 நஷ்டம். வீட்டில் நாளொரு லிட்டர் குடித்த பாலை லிட்டர் 35 ரூபாய் வீதம் சேர்த்தால் 12,775. வயலுக்குச் சென்ற எரு 4,000. வயலிலிருந்து வந்த வைக்கோலுக்கு 3,000 கழிவு. ஈண்டு கவனிக்க வேண்டுவது, எரு வயலுக்குச் செலவு, பசுவுக்கு வரவு. வைக்கோல் வயலுக்கு வரவு, பசுவுக்குச் செலவு. ஒருபுறம் எழுதி மறுபுறம் எழுதாவிட்டால் வயல் இலாபமென்றும் பசு சுமையென்றும் தோன்றும். நமக்குத் தோன்றியதும் அவ்வாறே. முடிவில் பசு தந்தது 9,775 ரூபாய். ஆனால் நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 730 மணி, அஃதாவது 91 வேலை நாள். நாளுக்கு 107 ரூபாய். அதிகாலை ஐந்து மணிக்கு அவ்விரண்டு மணி நேரத்தை வேறெவரும் கூலிக்குக் கொள்ளப் போவதில்லை என்பது ஒருபுறம்; அந்நேரத்தில் தம்பி மனைவி உறங்கியிருக்கலாம் என்பது மற்றொருபுறம்.

இவை எல்லாவற்றிலும் நம்மை மிக வருத்தியது வேறு ஒரு வரி. மாதந்தோறும் நாம் அனுப்பும் 4,000 ரூபாயைப் பண்ணை வரவில் எழுதுவதா என்று தம்பி கேட்டான். எழுதுக என்றோம். "அது அம்மாவின் மருந்துக்கு ஆகிறது, அண்ணா, வயலில் ஒரு காசும் இறங்கவில்லையே" என்றான். உண்மை அதுதான். தாயின் மருந்துக்கு மகன் அனுப்பிய பணத்தை நிலத்தின் நஷ்டமாக டில்லி முழுதும் சொல்லித் திரிந்திருக்கிறோம். அதுவுமன்றி, நிலத்தில் பாதி நம்முடையது. அதற்குத் தம்பி குத்தகை தரவில்லை எனில், அவன் அனுப்பும் அரிசி மூட்டையை எந்தப் பெயரில் எழுதுவது? வீட்டுக் கணக்கையும் பண்ணைக் கணக்கையும் வேறு பிரிக்காத வரையில் இவ்வாறான மனத்தாங்கல்கள் தீரா.

ஊரில் நிலமுள்ள நேயர்கள் இதனைத் தொடங்க விரும்பின் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். முதற்பக்கத்தில் ஆடி முதல் நாள் இருப்பை எழுதுதல் வேண்டும்: குதிரில் எத்தனை மூட்டை, விதை எவ்வளவு, எருக்குழியில் எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு. மறு ஆடியில் அதே பட்டியலை மீண்டும் எழுதினால்தான் ஆண்டின் வரவு எது, பழைய இருப்பைத் தின்றது எது என்பது விளங்கும். அடுத்து, வயல் ஒன்றுக்கு ஒரு பகுதி, மாட்டுக்கு ஒரு பகுதி. நாள், வேலை, செய்தவர், எத்தனை மணி, கொடுத்த காசு, வீட்டுப் பொருள் என ஆறு கட்டம். அன்றாடம் மாலையில் எழுதுவதே நலம். வாரக் கடைசியில் எழுதலாமென்று விட்டால் உழைத்த மணிகள்தாம் முதலில் மறந்துபோகும். எழுதச் சோம்பல் உள்ளவர் கைபேசியில் சொல்லி வைக்கலாம். ஞாயிறன்று வெளியூரில் உள்ளவர் அதனைக் கேட்டு ஏட்டில் ஏற்றலாம். நம் வீட்டில் அப்பணி நம்முடையது. கருவிகளுக்குத் தேய்மானம் எளிது: 6,000 ரூபாய்த் தெளிப்பான் ஆறு ஆண்டு உழைக்குமெனின் ஆண்டுக்கு 1,000. மண்ணின் வளம் ரூபாயில் ஏறாது. ஆயினும் 2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் கரிமச் சத்து எவ்வளவு என்பது குறிக்கப்படுகிறது. அதனை ஏட்டின் உட்புறம் ஒட்டி வைத்தால் ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம்.

புதிதாக இயற்கை முறைக்கு மாறுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. சான்றிதழுக்கு ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் மாறுதற்காலம் உண்டு. அக்காலத்தில் விளைச்சல் குறைதல் இயல்பு. இயற்கை விளைபொருளுக்குரிய விலையும் முழுதாகக் கிடைப்பதில்லை. அவ்விரண்டு மூன்று ஆண்டுக் கணக்கை மட்டும் கண்டு அஞ்சுவதும் பிழை. அதனை மறைத்துப் பிற்காலத்து நல்ல ஆண்டை மட்டும் காட்டி மற்றவரை அழைப்பதும் பிழை. பின்னது மேடைகளில் மிகுதியாக நடைபெறுகிறது.

சாலையோரத்து ஏக்கர் விற்கப்படவில்லை. தூயமல்லி ஓர் ஏக்கராகக் குறைக்கப்பட்டது. மற்றொரு ஏக்கரில் குறுகிய கால நெல்லும், உரிய நாளில் உளுந்தும். சாலையோரத்துப் பாதி ஏக்கரில் காய்கறி இட்டிருக்கிறார்கள். அதன் கணக்கு இன்னும் முழு ஆண்டைக் காணவில்லை. அரிசி மூட்டைக்கு எதிரே இப்போது 'அண்ணா பங்கு, குத்தகை' என்று எழுதப்படுகிறது. மருந்துப் பணம் வேறு ஏட்டிற்குச் சென்றுவிட்டது. பசுவைப் பற்றி மட்டும் முடிவாகவில்லை. விற்க வேண்டாம் என்கிறான் தம்பி. அந்தப் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு அவர் எழுந்து கறக்கட்டும், பிறகு பேசலாம் என்கிறார் அவன் மனைவி.